அப்படி ஒரு அண்ணனே கிடையாது

பேசுகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கேட்டுக்கொண்டிருக்கிறவர்களையும், அபூர்வம்தான் என்றாலும், எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று நம்மிடையே நடமாடுகிறது. அது கேள்வி கேட்கும். நீங்கள் யோசித்து வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அதுவே சொல்லிவிடும். சொல்லிவிட்டு, நீங்கள் என்னவோ கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டது போல ஒரு புன்னகையும் பூக்கும். இந்த இனத்துக்குத் துணுக்கர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

துணுக்கரை அடையாளம் காண்பதில் கஷ்டமே இல்லை. செருப்பு கடித்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். மற்றவர்கள், "அடடா, மருந்து போட்டீங்களா?" என்பார்கள். துணுக்கருக்குக் கண்ணில் விளக்கு எரியும். "ரோம் ஒலிம்பிக்ல ஒருத்தர் வெறுங்காலோட மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கினாரே, தெரியுமா?" உங்கள் கொப்புளம் சரித்திரத்தின் முன்னால் வெட்கித் தலைகுனியும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், "இவரு பொறந்த அதே தேதியிலதான்..." என்று தொடங்கிய ஒரு துணுக்கரை யாரோ முழங்கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டதாகவும் கேள்வி.

விளையாட்டு வீரர்களும் பிரபலங்களும்தான் இவர் மேயும் புல்வெளி. தான் விளையாடுவாரா என்றால், அதெல்லாம் இல்லை. மாடிப்படியின் இரண்டாவது வளைவிலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுவார். ஆனால் எந்த வீரர் இடதுகைக்காரர், எவருக்கு எந்த முழங்காலில் அறுவை சிகிச்சை, எந்த ராணி குதிரையேறினாள், எந்த மந்திரி ஒரு காலத்தில் கோல்கீப்பராக நின்றார் என்பதெல்லாம் நுனிநாக்கில். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் கட்டாயம் சொல்வார்.

ஆராய்ச்சி என்றால் மாதிரி ஒன்று வேண்டுமல்லவா? ஒரு பல் வைத்தியரை எடுத்துக்கொள்வோம். துணுக்கருக்கு இதைவிடப் பொருத்தமான தொழிலை ஆண்டவனே உட்கார்ந்து யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. எதிரே இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டு, ஒரு பக்கம் பஞ்சும் மறுபக்கம் குழாயுமாக மல்லாந்திருக்கிறார். எழுந்து ஓட முடியாது. "எனக்குத் தெரியும்" என்றும் சொல்ல முடியாது. தங்கப் பல் கட்டிக்கொள்ள வந்த ஒருவரிடம் நம் வைத்தியர், "ஒலிம்பிக் தங்கப் பதக்கத்துல முக்கால்வாசிக்கு மேல வெள்ளிதான், தெரியுமா?" என்று கேட்க, அந்த மனிதர் சந்தேகப்பட்டு எழுந்து போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

இவருக்கு ஒரு மனைவி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க" என்பதைப் பகல் முழுக்க பிழைக்க வந்த நாட்டின் மொழியில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தமிழில் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டு புருஷனின் பேச்சைத் தாண்டுகிறவள். வீட்டில் அடிக்கும் இந்தச் சாரல் தன்மேல் ஒரு துளியும் படவில்லை என்பது அவளுடைய திடமான நம்பிக்கை.

அவளுக்கு ஓர் அண்ணன். இந்த அந்நிய ஊரில் அவளுக்கென்று இருக்கும் ஒரே ரத்த சொந்தம். தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்திருக்கும் மனிதர் எப்படி இருப்பார்? அப்படியேதான் இருப்பார். யார் எங்கே போனாலும் எங்கே நிற்பது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அதோடு, அவரும் துணுக்கர். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவள் மத்தளம்.

நாட்டை விட்டு வந்தவர்கள் நாலு பேர் கூடினால் ஒன்று சங்கம் வைப்பார்கள், இல்லாவிட்டால் சண்டை போடுவார்கள். பெரும்பாலும் இரண்டையும் ஒரே கூடத்தில் ஒரே வாடகைக்கு முடித்துக்கொள்வார்கள். அந்தக் கூடத்தில் ஒரு வினாடி வினா. தலைப்பு, 'விளையாட்டு வீரர்களும் பிரபலங்களும்'. கேள்வி கேட்பவர் அண்ணன். கடையில் வாங்கிய கேள்வி அட்டைகள் இங்கிலீஷில் இருக்க, அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து அந்த இடத்திலேயே தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் மாப்பிள்ளை, பந்தயக் குதிரை போலக் காலை உதைத்துக்கொண்டு.

"நீல்ஸ் போர்னு ஒரு பெரிய அணு விஞ்ஞானி. அவரோட அண்ணன் ஒலிம்பிக் கால்பந்துல வெள்ளிப் பதக்கம் வாங்கினாரு. அவர் பேரு என்ன?"

வைத்தியர் எழுந்து நின்றார்.

"அப்படி ஒரு அண்ணனே கிடையாது!"

"கார்டுல பிரதர்னு போட்டிருக்கு மாப்பிள்ளை."

"போட்டவன் மேல தப்பில்ல மச்சான். தமிழ்ல மாத்தினவர் மேலதான். அவரு தம்பி. ஹரால்ட் போர். ஒன்றரை வயசு சின்னவர்."

யோசித்துப் பாருங்கள், யார்மேல் குற்றம்? அந்த மொழியில் முன்னால் பிறந்தவனும் பிரதர், பின்னால் பிறந்தவனும் பிரதர். நம் மொழி அவ்வளவு சுலபத்தில் விடுமா? யார் முதலில் பிறந்தது என்று கணக்குத் தீர்க்காமல் ஒருவனைக் கூப்பிடக்கூட விடாது. அண்ணனாகவே பிறந்து, அண்ணனாகவே வளர்ந்த மனிதர் பிரதர் என்ற சொல்லைப் பார்த்தால் அவருக்கு அண்ணன்தானே தோன்றும்?

"அண்ணனோ தம்பியோ, பதக்கம் ஒண்ணுதானே?" என்றார் அவர், கொஞ்சம் இறங்கி.

அங்கே விட்டிருக்கலாம். துணுக்கர் என்றைக்கு விட்டார்?

"அதெப்படி மச்சான்? இப்ப உங்களைப் போய் நாங்க தம்பின்னு கூப்பிட்டா ஒத்துக்குவீங்களா?"

கூடம் சிரித்தது. அண்ணன் அட்டைகளை மேஜைமேல் கவிழ்த்துவைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டார். போய்விட்டார்.

அதிலிருந்து பேச்சு இல்லை, வருகை இல்லை. தங்கை போன் செய்தால், "அந்த வீட்டுக்குத்தான் அண்ணனே கிடையாதாமே, அப்புறம் யாரைக் கூப்பிடறே?" என்று வைத்துவிடுவார். மாப்பிள்ளையோ, "நான் ஹரால்டோட அண்ணனைத்தான் சொன்னேன்" என்பார். அப்புறம் தன் வாயைத் தானே திருத்திக்கொள்வார். "அதாவது, ஹரால்டுக்கு அண்ணன் உண்டு. நீல்ஸுக்குத்தான் கிடையாது." இப்படிப்பட்டவரோடு யார் சண்டை போட முடியும்?

குளிர் போய் வெயில் வந்தது. அப்போதுதான் அண்ணி ரகசியமாகச் சொன்னாள்: அவர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். ரயிலில் ஒரு பகல் பயணம். அங்கே சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல். அடுத்த வாரமே சாமான் ஏற்றுகிறார்கள். இந்தக் கோபத்தோடு அண்ணன் போய்விட்டால், அது ஆறிப்போகாது, உறைந்துபோகும். அவளுக்கு அது தெரியும். கோணலாக ஒட்டி உறைந்துபோன எலும்புகளை எக்ஸ்ரேயில் நிறையப் பார்த்தவள்.

நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். அவரவர் புருஷனிடம் அவரவர் சத்தியம் வாங்கிக்கொள்வது என்று ஒப்பந்தம்.

"என்ன வேணா பேசுங்க. ஆனா 'தெரியுமா'ங்கற வார்த்தை மட்டும் வாயில வரக் கூடாது."

"அது இல்லாம எப்படிப் பேசறது?"

"ஏங்க, ஊர்ல எல்லாரும் பேசறாங்களே!"

"என்ன பேசறாங்க?" என்று வைத்தியர் உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்.

அண்ணன் வந்தார். உட்கார்ந்தார். சோறு வந்தது.

"குளிர் விட்டுடுச்சு" என்றார் வைத்தியர்.

"ஆமா."

"போன மாசம் ஜாஸ்தி."

"ஆமா ஆமா."

வானிலை தீர்ந்தது.

"புது ஊர் எப்படி மச்சான்?"

"ஒரே மேடு. கத்துக்கறவங்களுக்கு கிளட்ச் நல்லாப் பழகும்."

"மேடா? உயரமான இடத்துல காத்து லேசா இருக்கும். அதனாலதான் நீளம் தாண்டறதுல ஒருத்தர்..."

"மூச்சைப் பிடிங்க" என்றாள் அவள் தாழ்ந்த குரலில். அவர் பிடித்தார். முகம் சிவந்தது.

சற்றுப் பொறுத்து அண்ணன் தாமே தொடங்கினார். "அந்த ஊர்லதான் ஒரு குத்துச்சண்டை வீரர் பொறந்..." மேஜைக்கடியில் அண்ணியின் குதிகால் இறங்கியது. ஊருக்கெல்லாம் பிரேக் போடுகிறவருக்கு வீட்டில் பிரேக் அது. "பொறந்தவங்க... நிறைய பேர் இருக்காங்க" என்று வாக்கியத்தை ஓரங்கட்டி நிறுத்தினார்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பெரிய மனிதர்கள், தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன் மாதிரி. இன்னும் இரண்டு வாய் சோறு. கை கழுவுவார்கள். "வரட்டுமா?" என்பார் அண்ணன். சண்டை இல்லாமல், சமாதானமும் இல்லாமல், மரியாதையாகப் பிரிந்துவிடுவார்கள். இதற்குச் சண்டையே தேவலை.

"சரி, நானே கேக்கறேன்" என்றாள். அண்ணி திடுக்கிட்டாள். "ஒலிம்பிக் பதக்கமும் நோபல் பரிசும் ரெண்டும் வாங்கின ஒரே ஆள் யாரு?"

"பிலிப் நோயல்-பேக்கர்!"

இரண்டு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

"ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்" என்றார் அண்ணன்.

"ஆன்ட்வெர்ப். வெள்ளி" என்றார் வைத்தியர்.

"நோபல் எதுக்குன்னா..." என்று இழுத்தார் அண்ணன்.

"சமாதானத்துக்கு."

"சமாதானத்துக்குத்தான்."

இரண்டு பேரும் தட்டைப் பார்த்தார்கள். அப்புறம் அண்ணன், "கொஞ்சம் சோறு போடும்மா" என்றார்.

மடை திறந்துகொண்டது. கயிறு இழுப்பது ஒலிம்பிக்கில் இருந்த காலம், அதன் கொடியில் உள்ள நிறங்கள், கிரிக்கெட் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அரசியலுக்கு வந்தவர்கள் என்று தட்டு காய்ந்தது தெரியாமல் பேசினார்கள். கடைசியில் அண்ணனே சொன்னார்:

"அன்னைக்கு நான் தம்பின்னுதான் சொல்லியிருக்கணும்."

"நான் அதைக் கூட்டத்துல வச்சுச் சொல்லியிருக்கக் கூடாது மச்சான்."

"விடுங்க மாப்பிள்ளை. என்ன இருந்தாலும், அண்ணனுக்கு நோபல், தம்பிக்கு ஒலிம்பிக் பதக்கம்! உலகத்துலயே அந்த ஒரு வீடுதான்."

"அந்த ஒரே வீடுதான்" என்று வைத்தியர் முத்திரை குத்தினார்.

இதோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். ஆனால் வாய் அவளைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"இன்னொரு வீடும் இருக்கு."

இரண்டு தலைகள் திரும்பின.

"அயர்லாந்துல ஒரு கவிஞர். நோபல் வாங்கினவர். அவரோட தம்பி ஓவியர். ஓவியத்துக்கு ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கினாரு." எக்ஸ்ரே மெஷின் பழுதாகிக் கிடந்த ஏதோ ஒரு மத்தியானத்தில் படித்தது.

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். சேர்ந்து சிரித்தார்கள்.

"ஓவியத்துக்கா? ஒலிம்பிக்லயா?" என்றார் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வரைஞ்சுகிட்டே ஓடினாரா? சின்ன வயசுலேர்ந்தே இவ இப்படித்தான் மாப்பிள்ளை. பாதி கேட்டுட்டு முழுசாச் சொல்லுவா."

"இங்கயும் அப்படித்தான் மச்சான்" என்று வைத்தியர் அவர் தோளில் கைபோட்டார். கைபோட்டார்!

போன் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தட்டு, ஒரு தேடல். இரண்டு பேர் முகத்திலும் கரி. விரல்கள் தாமாக ஊர்ந்தன. அண்ணி அந்தக் கையைப் பற்றி அழுத்தினாள்.

"விடுடி. இப்பத்தான் ஒட்டியிருக்கு. பிரிச்சுடாதே."

அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். பாத்திரம் தேய்த்தாள். டீ போட்டாள். தான் சொன்னது சரி, அவர்கள் சிரித்தது தப்பு என்பது நெஞ்சுக்கூட்டுக்குள் முள்ளாக நிற்க, மாடி வீட்டு வாசல்வரை போய்ச் சிரித்த முகத்தோடு வழியனுப்பினாள். அண்ணன் அவள் தலையில் கைவைத்து, "வீடு ஏற்பாடானதும் முதல்ல நீங்க ரெண்டு பேரும்தான் வரணும்" என்றார். அவளுக்குக் கண் கலங்கியது. எதற்காகக் கலங்கியது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கீழே கார் கிளம்பியது. அவ்வளவுதான், காரியம் முடிந்தது, உள்ளே போகலாம். அவள் மாடி ஜன்னலுக்கு ஓடினாள். கதவைத் தள்ளித் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"அண்ணே! பாரிஸ்! ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்திநாலு! நீச்சல் போட்டியை வரைஞ்சாரு!"

திடீர் பிரேக் கூடவே கூடாது என்று ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்த மனிதர் நடுத்தெருவில் திடீர் பிரேக் போட்டார். பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தினான். கண்ணாடி இறங்கியது. தலை வெளியே வந்தது. மறுபடியும் போச்சா?

"தம்பியா, நல்லாத் தெரியுமா?"

"தம்பிதான்!"

அண்ணன் யோசித்தார். ஹாரன் அடித்தவனைக் கையமர்த்தினார்.

"பாத்துட்டு ராத்திரி கூப்பிடறேன். போனை எடு" என்றார்.

கூப்பிட்டார். அன்றைக்கும் கூப்பிட்டார், மறுநாளும். அந்த மேட்டு ஊருக்குப் போன பிறகும் கூப்பிடுகிறார். சௌக்கியமா என்று கேட்பதில்லை, எடுத்ததும் கேள்விதான். அவளும் சளைப்பதில்லை. "அண்ணனும் தங்கச்சியும் என்னதான் அப்படிப் பேசிக்கறீங்க, சோறு ஆறுது" என்று வைத்தியர்தான் இப்போதெல்லாம் அலுத்துக்கொள்கிறார்.

ஆக, இது பரவக்கூடியது; அதுவும் நமக்கெல்லாம் வராது என்று இருக்கிறவர்களைத்தான் முதலில் பிடிக்கும். நீங்கள் அந்த இனம் இல்லை என்று எனக்குத் தெரியும். நிம்மதியாக இருங்கள். ஆனால் ஒன்று: ஓவியத்துக்கு ஒலிம்பிக் பதக்கமா என்று படித்த இடத்திலேயே நிறுத்தி, அந்தத் தம்பியின் பெயரைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்தீர்கள், இல்லையா? பரவாயில்லை. அந்தப் பெயரை நாளைக் காலைக்குள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டால் பிழைத்துக்கொள்வீர்கள்.

பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள்?