போக நாலு மணி, வர இருபத்தாறு மணி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, என் இடது முழங்கால் ஆகிய மூவரும் ஒருமாதிரி இருக்கிறோம். அங்கே நீயும் உன் வயிற்றில் இருக்கும் ஆளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை கப்பலிலிருந்து இறங்க இன்னும் இரண்டு மாதம் ஆகும், உனக்கோ அடுத்த மாதமே பிரசவம் என்று போனில் சொன்னாய். கூடவே, "ரொம்ப தூரம்ப்பா, நீங்க அலைய வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றும் சொன்னாய். முப்பத்தாறு வருடம் சர்வே ஆபீசில் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தவனிடம் ரொம்ப தூரம் என்று மொட்டையாகச் சொன்னால் எப்படி? மறுநாள் காலையிலேயே டிக்கெட் போடும் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தாள். செவ்வாய் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் அதே செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு உன் ஊராம். நாலே மணி நேரம்! இதைப் போய்த் தூரம் என்கிறாளே என்று உன்மேல் கோபம்கூட வந்தது. தாளைத் திருப்பினால், அங்கே காலை ஒன்பதுக்கு ஏறுகிறவரை இங்கே மறுநாள் பகல் பதினொன்றுக்குத்தான் இறக்கிவிடுகிறார்கள். இருபத்தாறு மணி! "ஏம்மா, போன வழியாத்தானே திரும்பி வருது? நடுவுல எங்க நிக்குது?" என்று கேட்டேன். "எங்கயும் நிக்காது சார். அங்க கடிகாரம் நம்மளவிட ரொம்பப் பின்னாடி. போறப்ப குறையறது வர்றப்ப கூடிடும்" என்றாள். கடிகாரத்தை நம்பி நான் நிலம் அளந்ததில்லை. இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, "அப்ப பதினஞ்சு மணி நேரம்" என்றேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கரெக்ட் சார்." பின்னால் நின்றவர் தன் தாளையும் நீட்டினார். அவருக்கும் வகுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

தாளில் பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. நான் உலக உருண்டை ஒன்றை வாங்கி வந்து, கடலோரமாக நூல் வைத்து அளந்தேன். பதினாலாயிரம். சர்வேயில் ஒரு அடி இடித்தாலே கோர்ட்டுக்குப் போவார்கள். உன் அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நூலின் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்தாள். அது வழுக்கிக்கொண்டு மேலே வடதுருவப் பனிக்கட்டிப் பக்கம் போய் நின்றது. தாளில் இருந்த கணக்கு அப்படியே வந்தது. "உங்க சௌகரியத்துக்கு வளைச்சு வளைச்சு வெச்சா தூரமாத்தான் இருக்கும். வர வேண்டாம்னு அவ சொன்னதே வாங்கன்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அது உங்க காதுல விழலையா?" என்றாள்.

விழுந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயம். காலுக்குக் கீழே நிலம் இல்லாத இடத்தில் நான் பதினைந்து நிமிஷம்கூட இருந்ததில்லை. ஆகவே அம்மா மட்டும் வருகிறாள். என் முழங்காலைக் காரணமாகச் சொல்ல நினைத்திருந்தேன், மனசு வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. படியில் மெதுவாக இறங்கு. நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இதைப் படித்துவிட்டு உன் அம்மா என் ஸ்வெட்டரையும் பெட்டியில் வைத்தாள். "தனியாப் போக எனக்கு மட்டும் பயம் இல்லையா?" என்றாள். நாற்பது வருடத்தில் அவள் வாயால் கேட்காத வார்த்தை. உடனே போய் இரண்டாவது டிக்கெட்டும் போட்டுவிட்டேன். செவ்வாய் மதியம் இருவரும் வந்து இறங்குகிறோம். தபாலில் போட்டால் பத்து நாள் ஆகுமாம். அதனால் கடிதத்தை நானே கொண்டுவந்து தருகிறேன். படித்ததும் கிழித்துவிடு, மாப்பிள்ளை கண்ணில் பட வேண்டாம்.