இஞ்சிப் பச்சடியும் தலைமதகும்

ஆடி அமாவாசைக்கு மறுநாள், முந்தின நாள் ஆற்றில் முங்கிவிட்டு வந்த தெரு முழுக்கத் தும்மிக்கொண்டிருந்த காலையில், டாக்டர் வேதநாயகம் தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கனடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். பாளையங்கோட்டையில் அந்தத் தெருவுக்கென்று இருந்த ஒரே டாக்டர். மணிராஜின் ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு நாறும்பூநாதன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தைரியமாப் போயிட்டு வாரும் டாக்டர். இங்கன நான் இருக்கேம்லா?"

வாசலில் இருக்கும் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிச் சொல்கிறார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். நாறும்பூநாதன் சொன்னது நோயாளிகளைப் பற்றி.

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். மருத்துவக் கல்லூரியின் வாசல்படியை மிதிக்காமலே மனித உடம்பைக் கரைத்துக் குடித்தவர்கள். இவர்களுக்கு ஸ்டெதஸ்கோப் வேண்டாம், பெயர்ப் பலகை வேண்டாம், நீங்கள் வாய் திறந்து கேட்கவேண்டும் என்பதுகூட வேண்டாம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலோ, ரேஷன் கடை வரிசையில் உங்களுக்கு முன்னாலோ, திருச்செந்தூர் ரயிலில் எதிர் இருக்கையிலோ இருப்பார்கள். நீங்கள் ஒரு கையை லேசாக உதறினால் போதும். "மரத்துப் போவுதோ?" என்று ஆரம்பித்து, உங்கள் கண்ணிமையைக் கீழே இழுத்து, நாக்கை நீட்டச் சொல்லி, கெண்டைக்காலை அமுக்கி, கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, பந்தியில் ரசம் வருவதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். மேல்முறையீடு கிடையாது.

இவர்களில் ஒவ்வொருவரும் தான் பார்த்த வேலையை வைத்துத்தான் உடம்பைப் பார்ப்பார்கள். லாரி ஓட்டியவருக்கு நாம் எல்லோரும் பழைய லாரிகள். நாறும்பூநாதன் பாளையங்கால்வாயில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே அவர் கண்ணுக்கு மனிதன் என்பவன் கால் முளைத்த ஒரு பாசனத் திட்டம். இதயம் அணைக்கட்டும் அதில் தண்ணீர் திறந்துவிடுகிற தலைமதகும், பெரிய ரத்தக்குழாய் கால்வாய், அதிலிருந்து பிரிவதெல்லாம் கிளை வாய்க்கால். கொழுப்பு என்பது தண்ணீரை மறிக்கிற அமலைச்செடி. விரல் நுனி கடைமடை. நியாயமாகப் பார்த்தால் இது அப்படியொன்றும் மோசமான பாடமில்லை. இதைவிடக் குழப்பமாகச் சொல்லித்தருகிற அறிவியல் ஆசிரியர்கள் நம் ஊரில் உண்டு. கோளாறு வேறிடத்தில். அவருடைய பாசனத் திட்டத்தில் தண்ணீரைவிட அதிகமாகக் காற்று ஓடியது.

வாய்வு!

வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே உதரவிதானம் என்று ஒரு தசைச் சுவர் குறுக்கே நிற்பதாகப் பாடப்புத்தகம் சொல்கிறது. நாறும்பூநாதனின் வாய்வு அந்தச் சுவரை மதித்ததே இல்லை. அது வயிற்றில் கிளம்பி, முழங்காலில் இறங்கி இளைப்பாறி, முதுகு வழியாக ஏறி, தோள்பட்டையில் தங்கி, கடைசியில் உச்சந்தலைக்குப் போய் ஒற்றைத் தலைவலியாக உட்காரும். நடுவில் நுரையீரல், கல்லீரல் எல்லாம் வழிவிட்டு நிற்கும்.

ஜவுளிக்கடைக் கைலாசம் ஒருநாள் வந்தார்.

"அண்ணாச்சி, படி ஏறுனா மூச்சு முட்டுது."

"ஏறாதேயும்."

"வீடு மாடியிலலா இருக்கு?"

"அப்போ பைய ஏறும். வாய்வு மேல வார நேரத்துல நீரும் மேல போனா ரெண்டும் இடிக்காதா வே? ஒண்ணும் இல்ல, போரும்."

கைலாசம் முகமெல்லாம் சிரிப்பாகப் போனார். ஏன் போகமாட்டார்? டாக்டர் வேதநாயகம் இருந்தவரை, "ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம்" என்பார். கேட்டவனுக்குப் பாதி உயிர் அங்கேயே போய்விடும். நாறும்பூநாதன், "ஒண்ணும் இல்ல வே" என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் தெரு அவர் வாசலில் நின்றது. இந்த இனத்தை வளர்ப்பது நம்முடைய அறியாமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. நம்முடைய பயம்தான் சோறு போட்டு வளர்க்கிறது.

தெருவுக்கு இந்த வைத்தியம் வாய்த்தது டாக்டர் போன பிறகு. நாறும்பூநாதனின் மனைவி ஆவுடைத்தாய்க்கோ கல்யாணம் ஆன நாள் முதலே இதுதான். அவளுக்கு முழங்கால் வீங்கினால் வாய்வு, கண் இருட்டினால் வாய்வு. தைராய்டுக்கு அவர் முதலில் வைத்த பெயர் சோம்பல். அவளும் ஒரு காலத்தில் சண்டை போட்டாள். பிறகு, அவர் பேசும்போது தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் காலையில் கோயிலுக்குப் போகிற பாவனையில் டாக்டர் வேதநாயகத்தைப் பார்த்துவிட்டு வரப் பழகிக்கொண்டாள். இப்போது அந்தக் கோயிலும் பூட்டியாயிற்று.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வீட்டில் சொதி. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தால், கூடவே இஞ்சிப் பச்சடி இல்லாமல் இலை போடமாட்டார்கள். சொதி வயிற்றில் மந்தமாக உட்காரும், இஞ்சி அதைக் கண்டித்து எழுப்பும் என்பது ஏற்பாடு. அவர் சாப்பிட்டு முடித்துச் செய்தித்தாளை விரித்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடந்தார். அவள் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தை ஒதுக்கப் போனவள், பாதியில் வந்து கூடத்துச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, தாடை வலிக்கு."

"கடவாப்பல்லா இருக்கும். முருங்கக்காய அந்த இழுப்பு இழுத்தா வலிக்காதா?"

"இடது கையும் கடுக்கு."

"தேங்கா துருவுனதுல்லா."

துருவியது வலது கை. அதைச் சொல்ல அவளுக்கு மூச்சு போதவில்லை.

"வேர்த்துக் கொட்டுதுங்க."

"சூடாச் சொதி குடிச்சா வேர்க்கத்தான் செய்யும்." அவர் செய்தித்தாளை மடித்தார். தீர்ப்பு வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம். "ஏட்டி, விஷயம் வேற ஒண்ணும் இல்ல. நீ இஞ்சிப் பச்சடியத் தொட்டுக்கிடவே இல்ல. பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்? வாய்வு மூணா பிரிஞ்சு போயிருக்கு. பல்லுக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணு, தோலுக்கு ஒண்ணு."

அவள் தொட்டுக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். அவள் சாப்பிட உட்கார்ந்தபோது பச்சடிக் கிண்ணம் காலியாக இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவர் யார் என்பது வைத்தியத்துக்குத் தேவையில்லாத விவரம்.

ஓமத்தண்ணீர் வந்தது. தைலம் வந்தது. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் வாய்வைத் துரத்த ஆரம்பித்தார். துரத்தும்போதே விளக்கமும் சொன்னார். ஆவுடைத்தாய்க்கு விளக்கம் தூரத்தில் கேட்டது. நெஞ்சின்மேல், கால்வாய் உடைப்பெடுத்தால் அடுக்குவார்களே அந்த ஈர மணல் மூட்டையை, யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல இருந்தது. செத்துப்போவோம் என்று தோன்றியது. அதைவிட, செத்த பிறகும் இந்த மனுஷன் கூடத்தில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பச்சடியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருப்பார் என்று தோன்றியதும் அவளுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்தது.

கத்திப் பயனில்லை. கத்தினால் வாய்வு வாய்க்கு ஏறிவிட்டது என்பார். அந்த மண்டைக்குள் போக ஒரே ஒரு வாய்க்கால்தான் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

"நான் ஒண்ணு கேக்கேன்… மூணு வாய்க்கால்லயும் ஒரே நேரத்துல… கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா… நீங்க எங்கன போய்ப் பாப்பீய?"

துறை சார்ந்த கேள்வி. நாறும்பூநாதனின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"இது ஒரு கேள்வியாட்டி? மூணும் ஒண்ணா வத்துனா கோளாறு வாய்க்கால்ல இல்ல. எவன் போய் அங்கன மம்பட்டியப் போட்டுக்கிட்டுக் கெடப்பான்? நேரா தலைமதகுக்குலா போவணும்!"

"அப்போ கடைமடையில உக்காந்து… என்னத்துக்குத் தைலம் தேய்க்கீய?"

தேய்த்த கை நின்றது. அவர் அவளுடைய கையைப் பார்த்தார். தாடையைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே, சேலைக்கு அடியில், மேலும் கீழுமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த நெஞ்சைப் பார்த்தார். அவருடைய சர்வீஸிலேயே அவர் இத்தனை வேகமாக எந்த மதகுக்கும் ஓடியதில்லை.

"ஏலே மணிராஜ்! லே, வண்டிய எடுலே!"

தைலக் கையோடும் வெறுங்காலோடும் தெருவில் ஓடினார். ஆட்டோவில் போகும்போது வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. இதை மணிராஜ் இன்றைக்கும் ஓர் அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் ஊசி, வயர், படம் எல்லாம் ஆன பிறகு, ரீபா என்ற இளம் டாக்டர் வெளியே வந்தாள். "அட்டாக்தான் சார். ரத்தக்குழாய்ல அடைப்பு. உள்ள கொண்டுபோய் ஸ்டென்ட் வைக்கப் போறோம். பிழைச்சிருவாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா சொல்ல முடியாது. தாடைவலியையும் கைவலியையும் வச்சே ஹார்ட்டுன்னு நீங்களாக் கண்டுபிடிச்சீங்களா?"

நாறும்பூநாதன் தரையைப் பார்த்தார். உள்ளங்கையில் தைலம் இன்னும் மினுமினுத்தது.

"ஆமாம்மா," என்றார். "தலைமதகுலதான் கோளாறுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிட்டு."

பக்கத்தில் தள்ளுவண்டியில் படுத்திருந்த ஆவுடைத்தாய்க்கு அது தெளிவாகக் கேட்டது. சிரிக்க நெஞ்சு இடம் தரவில்லை. ஆனால் அவர் கை அவளுடைய கால் கட்டைவிரலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அடிக்கடி அமுக்கிப் பார்த்தது, கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கிறவரைப்போல. உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸ்தான் அந்த விரலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. அதனால் அவள் அவரை அப்போதைக்கு மன்னித்தாள்.

அத்தோடு அவர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் திருந்துவதில்லை. நோயின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளும். அவள் வீடு திரும்பிய வாரமே நாறும்பூநாதன் வாய்வை அடியோடு கைவிட்டார். இப்போது அவரிடம் எல்லாமே அடைப்பு. விக்கல் எடுத்தவன் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும். கொட்டாவி விட்டவனை உட்காரவைத்து இடது கையைத் தூக்கச் சொன்னார். மாவுக்கடை முத்துராணி உண்மையாகவே ஏப்பம் விட்டதற்கு, "ஏ பிள்ள, சும்மா இருந்திராத, தலைமதகப் பாரு" என்று ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். தெரு மெல்ல அவர் வாசலைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. "ஒண்ணும் இல்ல" என்று சொல்லாத வைத்தியர் யாருக்கு வேண்டும்? கைலாசத்தால் மட்டும் தப்பமுடியவில்லை. அவரை இழுத்துக்கொண்டுபோய்ப் பரிசோதித்ததில், அந்த மாடிப்படி மூச்சுமுட்டலுக்குக் காரணம் உண்மையிலேயே அடைப்புதான். இதற்குப் பிறகு நாறும்பூநாதனைப் பிடிக்கமுடியுமா?

டாக்டர் போன மறுவருஷம், கார்த்திகை மாதத்தில் ஒரு காலை. நாறும்பூநாதன் குளித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் கிடந்த அவருடைய செல்போன் சிணுங்கியது. கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் டாக்டர் வேதநாயகம். ஆவுடைத்தாய் எடுத்துப் படித்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாய் தன்னால், "வாய்வா இருக்குமோ" என்று முணுமுணுத்தது. அவளுடைய வாய்! ஸ்டென்ட் வைத்த நெஞ்சுக்குச் சொந்தக்காரியின் வாய். அவள் திடுக்கிட்டு, போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, ஈரத்தோட வாங்க. டாக்டருக்குத் தலைமதகு!"

செய்தி இதுதான். நீங்களும் படியுங்கள். படிக்கிறபோது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிப்பதற்குள் உங்கள் நாக்கு நுனியில் ஒரு தீர்ப்பு வந்து நின்றால், உங்கள் தெருவில் இருக்கிற டாக்டரை வெளிநாடு போகவிடாதீர்கள்.

"ஓவர்சியர், சௌக்கியமா? வீட்ல எப்படி இருக்காங்க? இங்க பனி ஆரம்பிச்சாச்சு. வாசல் பனியை அள்ளினதுலேருந்து இடது தோள்பட்டை கடுக்கு. படி ஏறினா தாடை வரைக்கும் இழுக்கு. மககிட்ட சொல்லல. சொன்னா உடனே டெஸ்ட்டும்பா. இத்தனை வருஷம் பார்த்த எனக்குத் தெரியாதா? நேத்து சாயங்காலம் கொஞ்சம் மொச்சை சாப்பிட்டேன். வாய்வாத்தான் இருக்கும், இல்ல? ஒண்ணும் இல்லேன்னு நீர் ஒரு வார்த்தை சொல்லும்."