சரிவுப் பிரிவின் சாதனை

உலக நாகரிகத்துக்கு நீலகிரி அளித்த மாபெரும் கொடை தேயிலை அல்ல, சரிவு விகிதம். மலையை நேரில் பார்த்தால் மூச்சு வாங்கும். விகிதமாக எழுதிவிட்டால் கோப்புக்குள் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். இந்தத் திருப்பணியைச் செய்யும் குன்னூர் அலுவலகம் ஒன்றில், சரிவுப் பிரிவின் எழுத்தராக இருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

எங்கள் பொறியாளர் கருணாகரன், “சரிவுங்கிற வார்த்தையிலேயே ‘சரி’ இருக்குதுங்க” என்பார். ஆகவே தவறு என்ற பேச்சுக்கே எங்கள் பிரிவில் இடமில்லை.

சென்ற ஆண்டு சேரம்பாடியிலிருந்து கலைமதி என்பவரின் மனு வந்தது. கொழுந்து பறிக்கையில் வழுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போட வாரம் இருமுறை எஸ்டேட் மருந்தகத்துக்குப் போக வேண்டும். மருந்தக வாசலோ சாலையிலிருந்து ஒரு மீட்டர் உயரம். சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் கேட்டிருந்தார்.

விதி தெளிவானது. உயரம் ஒரு பங்கென்றால் நீளம் பன்னிரண்டு பங்கு. ஒரு மீட்டர் ஏறப் பன்னிரண்டு மீட்டர் வேண்டும். வாசலுக்கும் சாலைக்கும் நடுவே இருந்தது நான்கு மீட்டர்.

நேரில் ஆய்வுக்குப் போனோம். கலைமதி தன் கணவர் வினோத்துடன் காத்திருந்தார்.

“வளைச்சு வளைச்சுப் போட்டா நீளம் வந்துடுமேங்க சார்? நடுவட்டம் ரோடே அப்பிடித்தானே ஏறுது?” என்றார் கலைமதி.

கருணாகரன் பரிவோடு சிரித்தார். “வளைவு வேற செக்‌ஷனும்மா. நாங்க சரிவு மட்டுந்தான்.”

மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றாவதில், இரண்டாவது போண்டாவின்போது, ஞானம் பிறந்தது.

“ஏனுங்க, விகிதத்துக்கு அலகு உண்டுங்களா?” என்று கருணாகரன் என்னைக் கேட்டார்.

“கிடையாதுங்க சார்.”

“அப்பறம் எதுக்குங்க மீட்டரா அடியான்னு அடிச்சுக்கறோம்? உயரம் ஒரு மீட்டர். நீளம் பன்னெண்டு அடி. ஒண்ணு, பன்னெண்டு. முடிஞ்சுது!”

எல்லோரும் எழுந்து கைதட்டினோம்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியதும் வினோத் நாற்காலியைத் தள்ளினார். பாதிவரை ஏறியது. பிறகு அது வினோத்தையும் இழுத்துக்கொண்டு பின்னால் உருண்டு, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கத் தேயிலைச் செடியில் மோதி நின்றது. அந்த நேரம் பஸ் வராதது எங்கள் நிர்வாகத் திறமை.

முழங்கை சிராய்த்து உட்கார்ந்திருந்தார் கலைமதி.

“சார், இது ஏத்தமா, செவுரா?”

“பேப்பர்ல சரியா இருக்குதும்மா” என்றார் கருணாகரன்.

“அப்ப பேப்பர் மேல ஏறிக்கட்டுங்களா?”

கேள்வி எங்கள் பிரிவைச் சேர்ந்தது அல்ல என்பதால் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். அவர் அனுப்பிய இரண்டாவது மனுவுக்கு மட்டும் முறைப்படி பதில் போனது: ‘சாய்தளம் விதிப்படி உள்ளது. மனுதாரரின் நாற்காலியே பின்னோக்கிச் சாயும் இயல்புடையது.’

இப்போது வினோத்தும் பக்கத்து லைன் வீட்டுத் தொழிலாளர்கள் மூவரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து, கலைமதியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு அதில் ஏறுகிறார்கள். ‘சாய்தளத்தால் பயன்பெறுவோர்: ஐவர்’ என்று மேலிடத்துக்கு எழுதினேன். பாராட்டுக் கடிதம் வந்தது. ஐவரில் நால்வருக்குக் கால்கள் நன்றாக இருப்பதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை. இருந்திருந்தாலும் நான் நிரப்பியிருக்க மாட்டேன்.