அடித்துணியில் ஒரு சுருக்கம்

தான் தைத்த போர்வையைப் புரட்டிப் பார்த்தார் பஸ் டிரைவர். மேல்துணி அழகாக இருந்தது. நடுவில் வைத்த பஞ்சும் ஒழுங்காகத்தான் இருந்தது. அடித்துணிதான், அழப்போகிற குழந்தையின் முகம் மாதிரி, தையல் ஓடிய இடமெல்லாம் சுருங்கிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் கல்லூரி விடுதிக்குக் கிளம்புகிறாள். குளிர் ஊர். பஞ்சுப் போர்வை வேண்டும் என்று பேச்சு வந்தபோது, தையல்கடை வைத்திருக்கும் மனைவி, "தலைக்கு மேல வேலை கிடக்கு, வாங்கிக்கலாம்" என்றாள். இவர் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம்.

"தைக்கறதுல என்ன இருக்கு? நேர்கோட்டுல ஓட்டணும், அவ்வளவுதானே. நான் பஸ்ஸையே ஓட்டறவன்."

"ஓ! ஓட்டுங்களேன், பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' அன்றிலிருந்து ஹாரன் மாதிரி அவர் காதில் அடித்துக்கொண்டே இருந்தது. லீவு போட்டார். மனைவி கடைக்குப் போனதும் வீட்டிலிருந்த பழைய தையல் மெஷினைத் தூசி தட்டினார். அதன் பலன்தான் இது.

இப்போது அவளிடமே போய்ச் சந்தேகம் கேட்பதா? மானம் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் செல்போனை இரவல் வாங்கி, வாயில் கைக்குட்டையை வைத்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு கடைக்குப் போன் போட்டார்.

"மேடம், பஞ்சுப் போர்வை தைக்கிறேன். அடியில சுருக்கம் விழுது."

"அப்படிங்களா சார்? கையில ஒரு வேலை இருக்கு. கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடுங்க, பொறுமையாச் சொல்றேன்."

சாரா? பொறுமையாகவா? முன்பின் தெரியாத அந்தக் கஸ்டமர் மீது டிரைவருக்கு லேசாகப் பொறாமை வந்தது.

மறுபடி கூப்பிட்டபோது அவள் சொன்னாள்: "அடித்துணி தொளதொளன்னு இருந்தா சுருங்கத்தான் செய்யும் சார். தரையில விரிச்சு, ஓரமெல்லாம் டேப் ஒட்டி நிறுத்துங்க. அதுக்கு மேல பஞ்சு, மேல்துணி. மூணையும் சேர்த்து ஊக்குக் குத்திட்டு டேப்பை எடுங்க."

ஸ்டீயரிங் பிடித்த கை. தட்டினால் சத்தம் வருகிற அளவுக்குத் துணியை இழுத்து ஒட்டினார். டேப்பைப் பிரித்ததும், விட்டால் போதும் என்று துணி பழைய அளவுக்கே ஓடியது. தைத்துப் பார்த்தால், சுருக்கத்துக்குள் சுருக்கம்.

"ஐயோ, இழுக்கக்கூடாது சார்! விறைப்பா நின்னாப் போதும். ஊக்கையும் கையகலத்துக்கு ஒண்ணாக் குத்துங்க."

தரையில் குனிந்து முதுகு பிடித்துக்கொண்டதால், இந்த முறை கட்டில் மேலேயே விரித்தார். கையகலம் என்ன, விரலகலத்துக்கு ஒன்று குத்தினார். பெருமையோடு போர்வையைத் தூக்கினால் மெத்தைவிரிப்பும் கூடவே எழுந்து வந்தது.

எல்லாவற்றையும் பிரித்து மறுபடி குத்தித் தைக்க உட்கார்ந்தார். இப்போது ஓரம் சரி, நடுவில் சுருக்கம்.

"பாரம் மேஜையிலேர்ந்து கீழே தொங்குதா சார்? அதுதான் இழுக்குது. முழுசையும் மேலே தாங்கிப் பிடிச்சுக்கங்க. நடுவுல ஆரம்பிச்சு வெளியே தைச்சுட்டு வாங்க."

தாங்கிப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். மெஷின் ஜோராக ஓடியது. அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி. கதவைத் திறக்க எழுந்தவரின் பின்னால் போர்வையும் தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. சட்டை நுனியையும் சேர்த்துத் தைத்திருந்தார்.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர். "என் போன்..." என்றவர், இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்புறம் வாங்கிக்கறேன்" என்று வேகமாகத் திரும்பினார்.

கடைசியில் சாப்பாட்டு மேஜையை மெஷினோடு ஒட்டிப் போட்டு, போர்வை முழுவதையும் அதில் ஏற்றி, பிரேக்கில் கால் வைத்த மாதிரி மெதுவாக ஓட்டினார். புரட்டினார். அடித்துணி கண்ணாடி மாதிரி இருந்தது. தனியாக நின்று கைதட்டிக்கொண்டார்.

ஞாயிறன்று மகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு, "அப்பா, கழற்றவே மாட்டேன்!" என்று குதித்தாள். மனைவி அதன் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"ஒரு சுருக்கம்கூட இல்லையே. யார் சொல்லிக்கொடுத்தா?"

"எதுக்குச் சொல்லிக்கொடுக்கணும்? நேர்கோடுதானே" என்றார், மேலே மின்விசிறியைப் பார்த்தபடி.

அடுத்த வாரம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனார். மனைவி நூல் வாங்கப் போயிருந்தாள். எதிர்க்கடையில் மெத்தை தைக்கிற பெண் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தப் போன் கஸ்டமரோட போர்வை முடிஞ்சுதாமா?"

டிரைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"போன் வர்றப்பெல்லாம் அக்கா என்கிட்டத்தானே ஓடி வந்து கேட்டுட்டுப் போவாங்க. சட்டை, கவுன் தவிர அவங்க வேற எதுவும் தைச்சதில்லையே."

டிரைவருக்கு மீசை துடித்தது. அப்படியானால் அவளுக்கும் தெரியாதா! "தெரியாதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நானும் அதையேதான் சொன்னேன் அண்ணே. 'கேக்கறது என் வீட்டுக்காரர், அவர்கிட்டப் போய் எப்படித் தெரியாதுன்னு சொல்றது'ன்னுட்டாங்க!"