தோணாவுக்குள் போன கிடாரம்

இலங்கை கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் எடுத்த வருடம், நானும் நாட்டுக்கு ஏதாவது செய்வதென்று முடிவெடுத்தேன்.

"தோணாவத் துப்புரவாக்கச் சிரமதானமாம். நான் போறன்" என்றேன். ஊர்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால்தான் தோணா.

மனைவி ஸைனம்பு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"நீங்களா? வளவில கிடக்கிற தென்னோலைய இழுத்துப் போடச் சொன்னா, இடுப்பு நாரி பிடிச்சிட்டு எண்டு படுக்கிற மனிசன்?"

"அது வீட்டு வேலைக்குப் பிடிக்கிற நாரி. இது ஊர் வேலை."

"போங்க, போங்க. சாரனை மடிச்சிக் கட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு மீனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

உங்களிடம் மறைப்பானேன். காரணம் அவளுடைய கிடாரம். சீதன வீட்டோடு வந்த அலுமினியக் கிடாரம். ஒரு மாட்டையும் மாட்டுக்காரனையும் உள்ளே இருத்தி மூடலாம். எங்கள் பக்கத்தில் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் இரவல் போகும். மாறாமலிருக்கப் பெயர் வெட்டியிருக்கும். இதன் விளிம்பில் அவள் பெயர். அதைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோவதும், சாப்பாடு முடிந்து கழுவும்வரை காவலிருந்து திருப்பிக் கொண்டுவருவதும் என் உத்தியோகம்.

போன மாதம் மருதமுனையிலிருந்து திரும்பும்போது எதிர்க்காற்று. கிடாரம் பாய்மரமாகிவிட்டது. நான் வீட்டை நோக்கி மிதிக்க, சைக்கிள் கல்யாண வீட்டை நோக்கிப் போனது. பொறுமை போய்விட்டது. மஃரிபுத் தொழுகைக்கு ஊரே பள்ளிக்குப் போன நேரம், பாலத்தடியில் கிடாரத்தைத் தண்ணீர் நிறையும்வரை அமுக்கினேன். மூடியையும் பின்னால் அனுப்பினேன்.

"கல்யாண வீட்டில ஆரோ மாறி எடுத்திட்டுப் போய்ட்டாங்க" என்றேன் வீட்டில். ஸைனம்பு என் நனைந்த சாரனைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இப்போது தோணாவைத் துப்புரவாக்கக் கிடாரம் வெளியே வந்தால் என் கதி என்ன? வீடு அவளுடையது. வளவு அவளுடையது. எனக்கென்று இருப்பது சைக்கிள் மட்டும்தான்.

சிரமதானத்துக்குத் தலைவர் பக்கத்து வீட்டுப் பளீல். மூத்தவன் என்று என்னைக் காக்கா என்பான்.

"காக்கா, வயசான நீங்க மரத்தடியில இரிங்க. தேத்தண்ணியப் பாத்துக்கங்க."

"பாலத்தடிய எனக்கு விடு. அதுக்குள்ள முதலை இரிக்கி. என்ட ரெண்டு கையையும் விரிச்சாலும் அதுட வாய்க்குக் காணா."

"முதலையா? முக்காடு போட்டிருந்திச்சா, தொப்பி போட்டிருந்திச்சா?"

"சிரிக்காம இறங்கிப் பாரன்."

பளீல் இறங்கவில்லை. ஒருவரும் இறங்கவில்லை. நான் இறங்கினேன்.

கழுத்தளவு தண்ணீர். கிடாரத்தைத் தேட வேண்டுமென்றால் மேலே மூடிக் கிடந்த சல்பீனியாப் பாசியை அள்ள வேண்டும். அள்ளினேன். ஷொப்பிங் பைகள், ஒற்றைச் செருப்புகள், கால் போன கதிரை. எல்லாவற்றையும் கரையில் எறிந்தேன். வீட்டில் ஒரு வருடத்தில் செய்யாத வேலை அது. கடைசியில் காலில் அலுமினிய விளிம்பு தட்டியது. அல்ஹம்துலில்லாஹ். ஏறி நின்று மிதித்தேன். சேற்றுக்குள் அது முழங்கால் ஆழத்துக்குப் போகும்வரை குதித்துக் குதித்து மிதித்தேன்.

"காக்கா முதலைய மிதிக்கிறார்" என்றான் கரையில் ஒருவன்.

தலை நிமிர்ந்து கரையேறினேன். இறைச்சிக் கஞ்சி மணத்தது. வரிசையில் நின்று கோப்பையை நீட்டினேன். அகப்பை பிடித்திருந்த கையில் ஸைனம்புவின் காப்பு. அகப்பை போய்வந்தது ஒரு கிடாரத்துக்குள். விளிம்பில் பெயர்.

"என்ன பாக்கிறீங்க? கோப்பைய நேராப் பிடிங்க."

"இது... மாறிப்போன கிடாரம்..."

"ஓம். மாறித் தோணாவுக்குள்ள போயிரிக்கி. மறுநாளே வலை வீசினவங்க பேரப் பாத்துக் கொண்டந்து தந்திட்டாங்க. அடுத்த தெரு நஸீறா ராத்தாட வீட்ட வெச்சிருந்தன்."

"அப்ப ஏன் என்னை இறங்க விட்டாய்?"

"பாலத்தடியால தொடங்குங்க தம்பி எண்டு பளீலுக்குச் சொன்னதே நான்தான்."

"ஏன் புள்ள?"

"கிடாரம்தானே கிடைச்ச? மூடி கிடைக்கல்லயே. நாளைக்கு மருதமுனையில கல்யாணம், மூடியில்லாம எப்படிக் குடுக்கிற? காலில ஏதும் தட்டுப்பட்டிச்சா?"

கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன். சாரனை மடித்துக் கட்டினேன். பாலத்தடியில், நானே குதித்துக் குதித்துப் புதைத்த இடத்தைத் தேடிக்கொண்டு மறுபடியும் இறங்கினேன்.