உழைத்து வாங்கிய காய்ச்சல்

எங்கள் ஊர் பெரியகல்லாற்றில் நோயைத் தேடிப் போய் வீட்டுக்கு அழைத்துவந்த ஒரே மனிதர் நண்டர்தான். அவர் சைக்கிளில் நண்டு விற்பவர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் கிராமசேவகருக்கும் மட்டுமே ஞாபகம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

கொரோனாத் தடுப்பூசி போட்ட நாள். பாடசாலை மண்டபத்தில் எனக்கு முன்னால் முப்பத்தெட்டுப் பேர். நான் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அன்று வகுப்பெடுத்தது, ஊசி வேண்டாமென்று வரிசைக்கு வெளியே நின்ற நண்டர். சிறுவயதில் கொப்புளிப்பான் அம்மை வந்ததாம், பிறகு வரவேயில்லையாம். நண்டு கடித்துக் கடித்துத்தான் தன் விரல் தடித்ததாம். ஊசி குத்தி எவன் விரலும் தடித்ததில்லையாம்.

"நீங்க போடுறது கடைச்சாமான், சேர். நான் காய்ச்சலாக் கிடந்து எடுக்கிறது சொந்த உழைப்பு."

"காய்ச்சல் உன்னை எடுத்துட்டா?"

வரிசை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் வாவிக்கு அக்கரையில் பழுகாமத்தில் இருந்த அவருடைய மச்சானுக்குக் கொரோனா. விசுக்கோத்துப் பெட்டியோடு நோயாளியிடம் வருத்தம் பார்க்கப் போவது எங்கள் வழக்கம். அதே பெட்டியோடு வருத்தம் வாங்க வாவியைக் கடந்தவர் இவர். மச்சான் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு, வராதே என்று கத்தியிருக்கிறார். இவர் ஜன்னலால் தலையை விட்டு ஒரு மணி நேரம் கதைத்து, ஜன்னல் விளிம்பில் அவர் குடித்து வைத்த மிச்சத் தேநீரையும் குடித்துவிட்டு வந்தார். பிறகு மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் காய்ச்சலுக்காகக் காத்திருந்தார்.

நான்காம் நாள் அது வந்தது. தொலைபேசியில் எனக்கு வெற்றிச்செய்தி சொன்னார். பன்னிரண்டாம் நாள் நான் அழைத்தபோது, ஒரு வசனத்தை மூன்றாக உடைத்துப் பேசினார். முகக்கவசத்தோடு போய், அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தாறு. பிழையோ என்று மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டு. அம்புலன்சை அழைத்தேன்.

"சேர்... எதிர்ப்பு... வருகுது போல."

"வாயை மூடு. மூச்சை எடு."

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. அதில் பதினொரு நாள் ஒட்சிசன். திரும்பி வந்ததும் முதல் கேள்வி: "இப்ப எனக்கும் எதிர்ப்புச்சக்தி இரிக்கா, இல்லையா? சொல்லுங்க."

இருக்கிறது. என் ஆத்திரமே அதுதான். நோயில் மீண்ட உடம்பும் கற்றுக்கொள்கிறது; ஊசி போட்ட உடம்பும் கற்றுக்கொள்கிறது. நான் கொடுத்த விலை ஒன்றரை நாள் தோள்வலி. பிறகு எனக்கும் கொரோனா வந்தது. மூன்று நாள் காய்ச்சல், எட்டுக் குளிசை, முடிந்தது. அவர் கொடுத்த விலை நுரையீரலில் ஒரு பங்கு. அப்படி வாங்கிய எதிர்ப்பும் காலம் போகத் தேயும் என்று சொல்லி, சில மாதம் கழித்து டொக்டர் அவரையும் ஊசிக்கு அனுப்பினார்.

"இதை முதலே போட்டிருக்கலாம்தானே?" என்று ஊசி போட்ட தாதியின் முன்னாலேயே கத்தினேன்.

"அப்ப நீங்க என்னோட சண்டை பிடிக்க விஷயம் இரிந்திருக்காதே, சேர்."

என் வாயில் ஒன்பது வசவுகள் வரிசையாக நின்றன. அவருடைய சட்டைக்கையை இழுத்துவிட்டேன்.

இப்போது காலையில் இருவரும் வாவிக்கரையால் நடக்கிறோம். அவர் மூச்சு வாங்க நிற்கும் இடத்திலெல்லாம் எனக்கு முழங்கால் வலி வந்துவிடும். குனிந்து தேய்த்துக்கொண்டு நிற்பேன். ஆறு இடம். என் முழங்காலில் ஒரு குறையும் இல்லை.