அவளுக்கு ஒரு வாரமாக இருமல்

கார் வைத்திருப்பவர்களில் பல ரகம் உண்டு. ஏறினோமா, போனோமா, இறங்கினோமா என்று இருப்பவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது வேறு இனம். நீண்ட மூக்கும், இரண்டே கதவும், எட்டு சிலிண்டரும் உள்ள முரட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டு, அன்றிலிருந்து வேறெதைப் பற்றியும் பேசத் தெரியாமல் போனவர்கள். எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். உங்கள் தெருவிலும் இருப்பார். காலை ஆறரை மணிக்கு ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர்ந்தால் அது அவர்தான்.

எங்களவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊருக்கெல்லாம் பார்வை பார்க்கிறவர். என் எதிர்வீடு. தெருவில் அவருக்கு வைத்த பெயர் ‘எட்டு சிலிண்டர்’. அது கேலி என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அவர் வண்டி எடுக்கும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? நீங்களும் நானும் சாவியைத் திருகுவோம், கிளம்புவோம். அவர் முதலில் உறையைக் கழற்றுவார், கழற்றியதை நான்காக மடிப்பார், பூத்துணியால் ஒரு முறை துடைப்பார், பறவை ஏதாவது எச்சமிட்டிருக்கிறதா என்று குனிந்து நிமிர்ந்து பார்ப்பார், செருப்பைத் தட்டிக்கொண்டு உள்ளே ஏறுவார், கிளப்பிவிட்டு இறங்கி வந்து, கண்ணை மூடிக்கொண்டு நின்று கேட்பார். எட்டில் எது சரியாக அடிக்கவில்லை என்று காதாலேயே சொல்லிவிடுவாராம். பிறகு சூடேற வேண்டும். பத்து நிமிடம். தெருவே எழுந்துவிடும்.

அப்புறமாவது பறப்பாரா? எங்கே! தெருவில் மூன்று வேகத்தடைகள். வண்டியோ தரையைத் தொட்டுக்கொண்டு போகிற உயரம். ஒவ்வொரு தடையிலும் நின்று, வளைத்து, ஒரு சக்கரமாக ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்குவார். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகிற வண்டி எங்கள் தெருவைத் தாண்ட நான்கு நிமிடம். நான் நடந்தால் மூன்று.

சாமான் வாங்கப் போனால் கடை வாசலில் இடம் இருந்தாலும் நிறுத்த மாட்டார். பக்கத்து வண்டிக்காரன் கதவைத் திறந்து இடித்துவிடுவானே! எதிரே இருக்கும் மைதானத்தின் கடைக்கோடியில் தனியாக நிறுத்திவிட்டு, நடக்க நடக்கத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். காய்கறிப் பை இருக்கையில் படக்கூடாது, மனைவியின் மடியில்தான். பெட்ரோல் பங்க்கில் யாராவது, “சார், மைலேஜ் எவ்வளவு குடுக்குது?” என்று கேட்டுவிட்டால், அந்த மனிதரை அவர் பார்க்கிற பார்வையில் கோபமே இருக்காது. வெறும் இரக்கம்தான் இருக்கும்.

இதெல்லாம் போகட்டும். விஷயம் இலக்கணத்தில் இருக்கிறது.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவர். அவரைப் பற்றிச் சொல்லும்போது இவர் ‘வீட்ல’ என்பார். “வீட்ல கேட்டுச் சொல்றேன்.” “வீட்ல ஊருக்குப் போயிருக்கு.” காரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ‘அவ’. “அவளுக்கு வெயில் ஆகாது.” “அவ கோபக்காரி, ஆனா மனசு தங்கம்.” கட்டிய மனைவிக்கு ஏழாம் வேற்றுமை, வாங்கிய வண்டிக்குப் பெண்பால்! எந்த இலக்கண ஆசிரியரிடம் படித்தாரோ.

அந்தப் பெண்பால் வண்டியில் டீச்சர் ஏறி இறங்குவது ஒரு தனி வித்தை. இருக்கை முழங்காலுக்குக் கீழே இருக்கும். உட்கார்வது என்றால் விழ வேண்டும். எழுவது என்றால் எதையாவது பிடிக்க வேண்டும். பிடித்தால், “மேல கை வைக்காதே, ரேகை விழும்!” கதவைச் சாத்தினால், “அடிச்சுச் சாத்தாதேம்மா, மெல்லச் சேர்த்து வை!” டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பை முறுக்கி, ஒரு முனகலோடு எழுந்து நிற்பார். எதிர்வீட்டிலிருந்து எனக்கே கேட்கும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. இவர் வண்டியின் முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில். நான் என் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. பேசியவர் டீச்சரின் அண்ணன், வேன் வைத்து ரொட்டி சப்ளை செய்கிறவர்.

“என்ன மாப்பிள்ளை, எப்படி இருக்கா?”

“அதை ஏன் கேக்கறீங்க மச்சான். ஒரு வாரமா சரியில்ல. காலையில எழுப்பினா எழுந்துக்கவே மாட்டேங்கறா. எழுந்தாலும் ஒரே இருமல்.”

“ஐயையோ! யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“காட்டினேன். திறந்து பார்த்தாத்தான் தெரியும்கறாரு.”

“திறந்தா!”

“வயசாகுதில்ல? உள்ள ஏதாவது தேஞ்சிருக்கும். நாளைக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடப் போறேன். நாலு நாள் அங்கேயே கிடக்கட்டும்.”

“நீங்க கூட இருக்க மாட்டீங்களா?”

“நான் இருந்து என்ன பண்ண? அப்படியும் சரியாகலைன்னா விட்டுட வேண்டியதுதான். ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காரு.”

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து இவர் மறுபடி தலையை உள்ளே விட்டுக்கொண்டார். நானாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பாவம் என்னுடையது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரொட்டி வேன் வந்து நின்றது. ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் தலையணை, கண் சிவந்து அண்ணன் இறங்கினார். கதவைத் திறந்தது டீச்சர்.

“அண்ணா? என்ன காலங்காத்தால?”

அண்ணன் தலையணையைக் கீழே போட்டுவிட்டு விசும்பி அழுதே விட்டார். “நீ ஏன்மா எழுந்து வந்தே? உன்னை அங்க தனியா விட்டுட்டு வந்துடுவாராமே!”

சத்தம் கேட்டு நான் ஓடினேன். கையில் பூத்துணியோடு இவரும் வந்தார். யார் இருமினார்கள், யாரைத் திறக்கிறார்கள், யார் யாரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வரக் கால் மணி நேரம் ஆயிற்று. முதலில் சிரித்தது டீச்சர்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதிச் சிரிப்பில் “ஆ!” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இடுப்புல என்னம்மா?”

“மூணு மாசமா இருக்குண்ணா. இன்னிக்குத்தான் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருந்தேன். இவரு வண்டியை ரிப்பேருக்கு விடணும்னாரு. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு இருந்தேன்.”

“மூணு மாசமாவா?” இவர் வாய் திறந்தபடி நின்றார். “எனக்குத் தெரியாதே!”

“நீங்க கேக்கலையே,” என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

அண்ணன் விடவில்லை. “எட்டுல எது இருமுதுன்னு காதாலயே கண்டுபிடிக்கறீங்களாமே மாப்பிள்ளை. வீட்ல இருக்கறது ஒருத்தி. அவ முனகினது கேக்கலையா?”

இவர் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பப் பார்த்தார். அவள் எழுந்துகொள்ளவில்லை. எழுந்திருந்தாலும் பயனில்லை, டீச்சர், “அதுல நான் ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். ரொட்டி வேனின் உயரமான முன்சீட்டில் அண்ணன் கைகொடுத்து ஏற்ற, நேராக உட்கார்ந்து போனார். இவர் பின்னால், காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வேகத்தடையிலும் அண்ணன் வேகத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

தாழ்ந்த இருக்கை ஆறு மாதத்துக்குக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்று என் கண்ணாடிக்குப் புதுப் பவர் போடக் கடைக்குப் போனேன். எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டேன்: “எப்படி இருக்காங்க?”

நாக்கு நுனி வரை ஏதோ வந்தது. விழுங்கினார். “வீட்ல… இல்ல சார், என் மனைவி நல்லா இருக்கா. இடுப்பு வலி பாதி குறைஞ்சிருக்கு. சாயங்காலம் நானும் கூட நடக்கறேன்.” பிறகு பலகையைத் துடைத்துக்கொண்டே, என் கண்ணைப் பார்க்காமல், “அது ஷெட்ல நிக்குது” என்றார். ‘அது’ என்று சொல்லும்போது பாவம், குரல் கம்மிப்போயிற்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், உங்களிடம் எட்டு சிலிண்டர் கார் இல்லை. கேமராவோ, மீன் தொட்டியோ, மாடியில் நாற்பது தொட்டிச் செடியோ இருக்கலாம். அதெல்லாம் வேறு, எனக்குத் தெரியும். என் வாசல் ரோஜாவுக்கு நான் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுவதும் வேறுதான். ஒரு சின்னப் பரிசோதனை மட்டும் செய்து பாருங்கள். நாளைக்கு யாராவது போனில், “எப்படி இருக்கா?” என்று கேட்பார்கள். வீட்டில் இருப்பவரைப் பற்றி உடனே பதில் சொல்லிவிட்டால் தப்பித்தீர்கள். ஒரு நொடி யோசித்து, “யாரு?” என்று திருப்பிக் கேட்டீர்களானால், உங்கள் வாசலுக்கும் ஒரு ரொட்டி வேன் கிளம்பிவிட்டது.